கம்ப்யூட்டருக்கு ஒரு எண்ணெய்க் குளியல்

முதலிலேயே ஒரு வாக்குமூலம். எல்கேஜியிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது ஸ்கூல் பரீட்சைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க. விஷயத்தில் பிழை இருந்தால் மட்டும் கேன்டீனில் பிடித்துத் திட்டுங்க.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஒரு பழைய கம்ப்யூட்டரை எண்ணெய்க்குள் முக்கி ஓட வைப்பது. முதல் ரிவ்யூவில் மூன்றாவது ஸ்லைடு வருவதற்குள்ளேயே கேள்வி வந்துவிட்டது. "ஏம்ப்பா, இது சிஎஸ்ஈ ப்ராஜெக்டா, மெக் ப்ராஜெக்டா?" எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். வெளியே வந்ததும் சிரிப்பு வரவில்லை. ஏன்னா அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

"எண்ணெயில போட்டா ஷார்ட் ஆகாதா?"

இதைக் கேட்காதவர்களே இல்லை. எங்க பாட்டி உட்பட.

கேட்டுக்குப் பக்கத்தில், டீக்கடைக்குப் போகும் வழியில், கம்பிவேலிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறதே, பார்த்திருப்பீங்க. நாலு வருஷமாக நானும் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள் முழுக்க எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. வருவது 11,000 வோல்ட். அந்த எண்ணெய் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. மின்சாரம் தாண்டாமல் தடுக்கிறது, சுருளில் உண்டாகும் சூட்டை வெளிச்சுவருக்குக் கொண்டு வருகிறது. பக்கவாட்டில் வரிவரியாகத் துருத்திக்கொண்டு இருக்கும் குழாய்கள் அழகுக்கு இல்லை. சூடான எண்ணெய் மேலே ஏறி, அந்தக் குழாய்களில் இறங்கும்போது ஆறி, மறுபடி அடியில் உள்ளே போகிறது. பம்ப் கூடக் கிடையாது. நூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது.

ட்ரிபிள் ஈ லேபில் இந்த எண்ணெயைச் சோதிக்கும் ஒரு கிட் இருக்கிறது. ஒரு கிண்ணம், அதில் இரண்டு உலோக உருண்டைகள், நடுவில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. எண்ணெயை ஊற்றி வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவார்கள். நல்ல எண்ணெய் 30,000 வோல்ட் வரைக்கும் அசராமல் நிற்க வேண்டும். மதர்போர்டில் ஓடுவது அதிகபட்சம் 12 வோல்ட். போதுமா?

சரி, காற்றை விட்டு ஏன் எண்ணெய்க்குப் போகணும்? ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.2 ஜூல் போதும். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 1,600 ஜூல் வேண்டும். அதாவது ஒரே அளவு எண்ணெய், காற்றைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைச் சுமந்துகொண்டு போகும். உங்கள் லேப்டாப் ஃபேன் ஏன் ஹெலிகாப்டர் மாதிரி கத்துகிறது என்பதற்குக் காரணம் இதுதான். காற்று அவ்வளவு சின்னப் பை. நிறைய தடவை போய் வர வேண்டியிருக்கிறது.

மீன்தொட்டியில் கற்ற பாடம்

20 லிட்டர் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், ஒரு மீன்தொட்டி, ஒரு பழைய மதர்போர்டு, ஒரு எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க்கை முக்கக் கூடாது, அதில் காற்றுப் போகச் சின்ன ஓட்டை இருக்கும், எண்ணெய் உள்ளே போனால் கதை முடிந்தது. எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே வைத்தோம். ஸ்விட்ச் போட்டதும் ஓடியது. பாதி கிளாஸ் வந்து வீடியோ எடுத்தது. ஸ்டேட்டஸ் போட்டாங்க. நாங்களும் போட்டோம்.

முதல் மணி நேரம் சூப்பர். ப்ராசசர் சூடே ஏறவில்லை என்று தோன்றியது. மூன்றாவது மணி நேரத்தில் தொட்டிக் கண்ணாடியைத் தொட்டால் கை சுட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் முன்னாடியே தெரிந்திருக்கும். 20 லிட்டர் எண்ணெயை ஒரு டிகிரி ஏற்ற 32,000 ஜூல். எங்கள் போர்டு தின்றது ஏறக்குறைய 100 வாட். ஆக, 320 விநாடிக்கு ஒரு டிகிரி. மணிக்குப் பதினோரு டிகிரி. கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளியே போகும், மீதி உள்ளேயே சேரும். எண்ணெய் எதையும் குளிர்விக்கவில்லை. சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "இதை எங்கே கொட்டுறது?" என்று எங்களைக் கேட்டது. வீடியோவில் தெரிவது முக்கும் பாதி மட்டும்தான். கொட்டும் பாதிதான் இன்ஜினியரிங். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தக் குழாய்கள் இருக்கின்றன, எங்கள் தொட்டிக்கு இல்லை.

அப்புறம்தான் ஓட்டம் ஆரம்பித்தது. மெக் நண்பன் ஒருவன் புதுப்பேட்டையில் அலைந்து ஒரு பழைய கார் ரேடியேட்டர் வாங்கி வந்தான். மீன்தொட்டி பம்ப் தண்ணீருக்கு ஓடும், எண்ணெய் கெட்டி, அதனால் மூச்சுத் திணறியது. ட்ரிபிள் ஈ தோழி வேறு மோட்டார் போட்டுக் கொடுத்தாள். சென்சார் வைத்து டெம்பரேச்சர் பார்த்து பம்ப் வேகத்தை மாற்றும் ப்ரோகிராம் எங்களுடையது. இதில் எந்த ஒன்றை எடுத்தாலும் தொட்டி மறுபடி கொதிக்கும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. மறுநாள் காலையில் லேப் மேஜை முழுக்க எண்ணெய். தொட்டி உடையவில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுமே, அதே மாதிரி கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் வழியாக ஏறி, வெளியே சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. லேப் அண்ணன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மரத்தூள் போட்டு நாங்களே துடைத்தோம்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் பண்ற வேலை" என்று ஒரு நண்பன் சொன்னான். பண்ணினார்கள்தான். 1985இல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் போர்டுகள் ஃப்ளோரினெர்ட் என்ற திரவத்தில் மூழ்கித்தான் ஓடின. அதற்கு 'பபிள்ஸ்' என்றே செல்லப்பெயர். டோக்கியோவில் எண்ணெயில் ஓடிய ஒரு மெஷின், 2013 நவம்பரில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கான கிரீன்500 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் பெயர் சுபாமே-கேஎஃப்சி! கேஎஃப்சி என்றால் 'கெப்ளர் ஃப்ளூயிட் கூலிங்' என்று அர்த்தம், சிக்கனுக்குச் சம்பந்தமில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்க. குளிர் நாட்டில் வெளியே 10 டிகிரி. ஜன்னலைத் திறந்தாலே பாதி வேலை முடிந்தது. சூட்டை எங்கே கொட்டுவது என்று உண்மையிலேயே தவிக்க வேண்டியது மே மாதத்தில் 40 டிகிரி அடிக்கும் நம்ம ஊர்தான்.

சர்வர் ரூமுக்குள் போயிருக்கீங்களா? ஸ்வெட்டர் வேண்டும். ப்ராசசருக்கு 70 டிகிரி ஒரு விஷயமே இல்லை. காற்று சரியாகச் சூட்டைச் சுமக்காததால் ரூம் முழுவதையும் 20 டிகிரிக்கு இறக்குகிறோம். சூடு தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். 20 டிகிரி ரூமிலிருந்து 40 டிகிரி வெயிலுக்கு அதைத் தள்ளுவது, கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பது மாதிரி. அந்த மோட்டார்தான் ஏசி கம்ப்ரஸர். எண்ணெயை 50 டிகிரியில் ஓட விட்டால் வெளியே இருக்கும் 40 டிகிரி பள்ளமாகிவிடுகிறது. ஒரு ரேடியேட்டரும் ஃபேனும் போதும்.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்க. பெரிய கட்டடங்களில் கூலிங் டவர் வைத்து, தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை விடுவது வழக்கம். ஒரு யூனிட் மின்சாரம் தரும் சூட்டை அப்படி வெளியேற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆவியாக வேண்டும். 10 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்று முழுக்க இப்படியே ஓடினால் நாளைக்கு 3,60,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் முப்பது லாரி.

2019 ஞாபகம் இருக்கா? செம்பரம்பாக்கம், செங்குன்றம் எல்லாம் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். நான் அப்போது ஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். லாரி ஹாரன் கேட்டால் புத்தகத்தைப் போட்டுவிட்டு அம்மாவோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மேலே சொன்ன டேட்டா சென்டர் அந்த ஒரு ரயில் தண்ணீரை ஏழே நாளில் ஆவியாக்கிவிடும். தண்ணீரே வேண்டாம் என்று ஏர்-கூல்டு சில்லர் போட்டால் கரண்ட் பில் ஏறும். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. கேம்பஸ் இன்டர்வியூவில் ஏஐ, க்ளவுட் என்று பேசும் நாம், அந்த க்ளவுட் எந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கும் என்று கேட்பதே இல்லை.

மறுபக்கமும் இருக்கு

எண்ணெயில் முக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ரேமை மாற்ற போர்டைத் தூக்கி, எண்ணெய் வடியும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் எங்கள் பிவிசி கேபிள் விறைத்துப் போனது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் 140 டிகிரிக்கு மேல் போனால் தீப்பிடிக்கும் ரகம், அதனால் வீட்டில் யாரும் சமையல் எண்ணெயை ஊற்றி ட்ரை பண்ணாதீங்க. தீப்பிடிக்காத ஃப்ளோரின் திரவங்களில் வேறு சிக்கல். அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாத பிஎஃப்ஏஎஸ் வகை. அவற்றைத் தயாரித்த 3எம் நிறுவனமே 2025 கடைசிக்குள் நிறுத்திவிடுவோம் என்று 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. 120 கிலோவாட் அளவுக்குப் போகும் என்விடியாவின் புதிய ஏஐ ரேக்குகள்கூட முழுசாக மூழ்குவதில்லை. சிப்பின் தலையில் உலோகத் தட்டு வைத்து, அதற்குள் திரவத்தை ஓட விடுகிறார்கள்.

இருக்கட்டும். முக்குவதோ, தட்டு வைப்பதோ, எது ஜெயித்தாலும் திரவம் வந்துவிட்டது. கேள்வி அதே கேள்விதான்: சூட்டை வாங்கியாச்சு, எங்கே கொட்டுவது? 40 டிகிரி வெயிலில், லாரித் தண்ணீர் இல்லாமல் எப்படிக் கொட்டுவது? இதை நமக்காக வேறு யாரும் யோசிக்கப் போவதில்லை.

ஆக, ரிவ்யூ கேள்விக்கு என் பதில்: சார், இது சிஎஸ்ஈ ப்ராஜெக்ட் இல்லைதான். மெக் ப்ராஜெக்டும் இல்லை. மூன்று டிபார்ட்மென்ட் சேர்ந்தால்தான் ஓடும். ஆனால் நம்ம ஃபார்மில் டிபார்ட்மென்ட் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. மெக் நண்பனுக்கும் ட்ரிபிள் ஈ தோழிக்கும் ரிப்போர்ட்டில் 'நன்றி' பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. மார்க் கிடையாது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அடுத்த வருஷமாவது அந்தக் கட்டத்தைப் பெரிதாக்குங்கள். கலப்பு டீமுக்கு அனுமதி கொடுங்கள்.

ஜூனியர்ஸ், தொட்டி, ரேடியேட்டர், மோட்டார் எல்லாம் லேபிலேயே இருக்கும். எண்ணெயை வடிகட்டி கேனில் வைத்திருக்கிறோம். நாங்கள் ஓட்டிப் பார்த்தது ஜனவரியில். மே மாத மதியத்தில் அது தாங்குமா என்று எங்களுக்குத் தெரியாது, அதற்குள் நாங்கள் காலேஜை விட்டுப் போயிருப்போம். யாராவது எடுத்து ஓட்டிப் பாருங்க. மேஜைக்கு அடியில் மட்டும் முன்னாடியே ஒரு ட்ரே வெச்சிடுங்க. லேப் அண்ணன் இன்னும் கோபமாத்தான் இருக்கார்.