நாற்காலி மட்டும் போதுமா?



ஆண்டுதோறும் மார்ச் 8 வந்துவிட்டால் பல அலுவலகங்களில் கோலப் போட்டி நடக்கிறது. பெண் ஊழியர்களுக்கு ரோஜாப்பூவும் இனிப்பும் வழங்கப்படுகின்றன. மேலாளர் ஒருவர் பெண்களின் பெருமையைப் பற்றிப் பேசுகிறார். சில நாள்கள் கழித்து அதே நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடுகிறது. எந்தக் கிளையை மூடுவது, எங்கே புதிய ஆலை தொடங்குவது, யாரை உயர் பதவியில் அமர்த்துவது என்று அங்கே முடிவாகிறது. அந்த மேசையைச் சுற்றி எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள்? மகளிர் தினத்தன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

இக்கேள்விக்குச் சட்டத்தின் வழியாக விடை தேடிய நாடு நார்வே. 2002-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பெரிய பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர்களில் பெண்கள் 10 விழுக்காடுகூட இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியில், வணிகத் தொழில்துறை அமைச்சராயிருந்த அன்ஸ்கர் கேப்ரியல்சன், நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், இந்நிலையை மாற்றச் சட்டம் வரும் என்றார். அவர் பழமைவாதக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதால் பலரும் வியப்படைந்தனர்.

2003-இல் சட்டம் நிறைவேறியது. இயக்குநர் குழுவில் ஆண்களும் சரி, பெண்களும் சரி, ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றது அச்சட்டம். முதலில் நிறுவனங்கள் தாமாகவே மாறுவதற்குக் காலம் கொடுக்கப்பட்டது. அந்தக் கெடு முடிந்தபோதும் இலக்கு எட்டப்படவில்லை. எனவே 2006 முதல் சட்டம் கட்டாயமானது. 2008-க்குள் நிறைவேற்றாத நிறுவனம் கலைக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தது. பெண்களின் பங்கு 40 விழுக்காட்டை எட்டியது. எந்த நிறுவனமும் கலைக்கப்படவில்லை. ஆனால், சட்டத்திற்கு உட்படாத வேறு நிறுவன வகையாகத் தங்களை மாற்றிக்கொண்டு நழுவியவர்களும் உண்டு.

"தகுதியுள்ள பெண்களுக்கு எங்கே போவது?" என்பதே அன்று எழுந்த பெரிய எதிர்ப்பு. மரியான் பெர்ட்ராண்ட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. சட்டத்திற்குப் பின் இயக்குநர்களான பெண்கள், அதற்கு முன் இருந்த பெண் இயக்குநர்களைவிடக் கல்வியிலும் அனுபவத்திலும் மேம்பட்டிருந்தார்கள். தகுதியுள்ளவர்கள் நாட்டில் இருந்தார்கள். அவர்களை யாரும் தேடவில்லை. ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் சொல்கிறது: அந்நிறுவனங்களில் கீழ்நிலையில் வேலை செய்த மற்றப் பெண்களுக்கு இச்சட்டத்தால் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் தென்படவில்லை. இன்றும் அங்கே பெரிய நிறுவனங்களின் தலைமைச் செயல் அதிகாரிகளில் ஆண்களே பெரும்பான்மையினர்.

நம் நாட்டுக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் குறைந்தது ஒரு பெண்ணையாவது இயக்குநராக்க வேண்டும் என்றது. கெடு நெருங்கியபோது பல நிறுவனங்கள் என்ன செய்தன? உரிமையாளரின் மனைவியை, மகளை, மருமகளை அந்த இடத்தில் அமர்த்தின. அவர்களுள் திறமையானவர்களும் இருந்திருக்கலாம். ஆயினும், உரிமையாளரை நோக்கி "இது தவறு" என்று சொல்லத் துணியும் சுதந்திரம் அந்த இருக்கைக்கு இருந்ததா? ஊராட்சித் தலைவியின் பெயரில் கணவர் நிர்வாகம் செய்யும் கதையை நாம் அறிவோம். அதே கதை குளிரூட்டப்பட்ட அறைக்குள்ளும் நடந்தது. பின்னர் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, பெரிய நிறுவனங்களில் சுயேச்சையான பெண் இயக்குநர் ஒருவர் கட்டாயம் என்று விதித்தது. இவ்விதி 2019 ஏப்ரலில் முதல் 500 நிறுவனங்களுக்கும், 2020 ஏப்ரலில் முதல் 1000 நிறுவனங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் ஒதுக்கீடு தேவையில்லையா? தேவை. தாமாக மாறுவார்கள் என்று காத்திருந்தால் கதவு திறக்காது என்பதை நார்வே கண்டது. ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. அந்தக் கதவுவரை பெண் ஏறி வரவும் வேண்டும். அவள் பாதி வழியில் நின்றுவிடுவது ஏன்?

பெரும்பாலும் முதல் குழந்தை பிறக்கும்போதுதான் அவள் நின்றுவிடுகிறாள். 2017-இல் நம் நாட்டில் ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் ஊதியம் பெறும் பெண்களுக்கு அந்தச் செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. தனியார் துறையில் தந்தையருக்கு விடுப்பு கட்டாயமில்லை. எனவே, திருமணமான இளம்பெண் நேர்காணலுக்கு வரும்போது அவளைச் 'செலவு' என்று எண்ணும் மனநிலை உருவாகிறது. நார்வேயிலோ பேறுகால விடுப்புக்கான ஊதியத்தை அரசின் சமூகக் காப்பீடு ஏற்கிறது. 1993 முதல் விடுப்பின் ஒரு பகுதி தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. அவர் எடுக்காவிட்டால் பொதுவாக அது வீணாகிவிடும். குழந்தையை வளர்ப்பது தாய்க்கு மட்டும் உரியதன்று என்பதை அந்நாடு சட்டத்திலேயே எழுதி வைத்தது. அத்தனை செய்தும் உயர் பதவிகளில் அங்கே இன்னும் சமநிலை வரவில்லை என்றால், ஒரே ஒரு நாற்காலியைக் கொடுத்துவிட்டு நாம் நிறைவடைந்துவிட முடியுமா?

ஐரோப்பிய ஒன்றியமும் பத்தாண்டு விவாதத்திற்குப்பின் 2022-இல் இதே வழியில் நெறிமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. சட்டங்கள் இன்னும் வரும். அவை பயன்தர வேண்டுமாயின் நம் இல்லங்களும் மாற வேண்டும்.

அன்பர்களே, நம் வீட்டு மகள் பதவி உயர்வுக்காக வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? அதே வாய்ப்பு மகனுக்கு வந்தால் என்ன சொல்கிறோம்? மருமகள் அலுவலகத்திலிருந்து வரத் தாமதமானால் குழந்தைக்குச் சோறூட்டுவது யார்? நம் சங்கங்களிலும் பங்குக் குழுக்களிலும் கூட்டத்திற்குத் தேநீர் ஏற்பாடு செய்வது யார், கணக்கைச் சரிபார்த்து முடிவெடுப்பது யார்? இன்று மாலை குடும்பமாக அமர்ந்திருக்கும்போது இவற்றைப் பேசிப் பார்ப்போம். இயக்குநர் குழுவின் அறைக்குச் செல்லும் படிகளில் முதற்படி நம் வீட்டில்தான் இருக்கிறது.