நீளத்தை அளந்தவர்கள் பழுதை எண்ணவில்லை

இந்தியச் சாலைகளில் இன்று பெருகியிருக்கும் 'காம்பாக்ட் எஸ்யூவி' என்னும் வண்டி வகை, பொறியாளரின் வரைபலகையில் உருவான அளவுக்கு நிதி அமைச்சகத்தின் கோப்பிலும் உருவானது. 2006ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை சிறு கார்களுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள் என்பது அந்தச் சலுகைக்கான வரையறை. உயரமாக நிற்க வேண்டும், கரடுமுரடான சாலைக்குத் தாங்க வேண்டும், ஆனால் வரி குறைவாக இருக்க வேண்டும் என்ற மூன்று விருப்பங்களையும் 4 மீட்டருக்குள் அடக்கியதன் விளைவே இவ்வகை வண்டி. 2016இல் வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸாவின் நீளம் 3,995 மில்லிமீட்டர். எல்லையைத் தொடாமல் நிற்க ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்கள் திருத்தப்பட்டபோதும் அதே கோடு நீடித்தது. கோட்டுக்கு உள்ளே இருந்தால் 18 விழுக்காடு, வெளியே சென்றால் 40 விழுக்காடு.

ஒரு வண்டியின் நீளத்தை மில்லிமீட்டர் வரை அளந்து வரி விதிக்கும் அதே அரசு, அந்த வண்டி உத்தரவாதக் காலத்துக்குள் எத்தனை முறை பணிமனைக்குப் போகிறது, ஒரே பழுதுக்காக எத்தனை முறை திரும்பி வருகிறது, உதிரிபாகத்துக்காக எத்தனை நாள் காத்து நிற்கிறது என்பதை எண்ணிப் பொதுவில் வைப்பதில்லை. இவ்வகை வண்டிகளை வாங்கியோர் அனுபவிக்கும் துன்பங்களுக்கு இயந்திரக் கோளாறு பாதிக் காரணம்தான். பழுதைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது என்பதே மறுபாதி.

அத்துன்பத்தின் வடிவம் நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனால் அப்போது எரிவதில்லை. 'குறை எதுவும் தென்படவில்லை' என்று ஜாப் கார்டில் எழுதப்படுகிறது. இரண்டாம் முறை மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது. மூன்றாம் முறை சென்சார் மாற்றப்படுகிறது. நான்காம் முறை பெரிய பாகம் ஒன்று வேண்டும் என்று சொல்லப்பட்டு, அது வரும்வரை வண்டி பணிமனையில் நிற்கிறது. மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை. கார்க் கடனை ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளில் அடைப்பது வழக்கம். உத்தரவாதமோ பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. முதல் தலைமுறையாகக் கார் வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த இடைவெளியே பெரும் அபாயம். கடன் பாதியில் இருக்கும்போது பொருளின் பொறுப்பு முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறது.

பழுதுகளில் சில, பயன்படுத்தும் முறைக்கும் வடிவமைப்புக்கும் இடையிலான முரணிலிருந்து எழுபவை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 மாசு விதிகளால் டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி தவிர்க்க இயலாததாயிற்று. அவ்வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர, வெளியேறும் புகையின் வெப்பம் ஓரளவு நேரம் உயர்ந்து நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு இது தானாக நிகழும். நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு நிகழாது. கரி அடைத்துக்கொள்கிறது, விளக்கு எரிகிறது, வண்டி வேகம் குறைத்து முடங்குகிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்களில் உலர் கிளட்ச் உடையவையும் இத்தகையவையே. நகர நெரிசலில் நின்று நின்று நகரும்போது கிளட்ச் தகடுகள் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் வெப்பமேறுகின்றன. இரு இடங்களிலும் உரிமையாளர் கேட்கும் பதில், 'நீங்கள் ஓட்டும் முறை சரியில்லை' என்பது. நகரவாசிக்கென்றே விளம்பரப்படுத்தி விற்ற வண்டியை நகரத்தில் ஓட்டியது குற்றமாகிறது. விற்கும்போது இந்த வரம்பைச் சொல்லும் கடமை யாருக்கும் இருந்ததாகத் தெரிவதில்லை.

1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்குலைகிறது என்று விளக்கியது. பொருளாதாரம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அதைக் கடந்தே வருகிறார். அதன் உலகில், சில காலம் ஓட்டிய உரிமையாளருக்குத் தம் காரின் குணம் தெரியும். புதியவருக்குத்தான் தெரியாது. இன்றைய காம்பாக்ட் எஸ்யூவியில் அந்த அனுமானமே தளர்ந்துவிட்டது. ஐந்தாண்டு ஓட்டிய உரிமையாளருக்கும் தம் வண்டியின் உண்மை நிலை தெரியாது. பழுதுக் குறியீடு கட்டுப்பாட்டுக் கணினியில் இருக்கிறது. அதை முழுமையாகப் படிக்கும் கருவி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் இருக்கிறது. அதே குறியீடு நாடு முழுவதும் எத்தனை வண்டிகளில் வந்தது என்ற கணக்கு நிறுவனத்தின் தலைமையகத்தில் இருக்கிறது. உரிமையாளரிடம் இருப்பது ஒரு ரசீதும் ஓர் எரிச்சலும் மட்டுமே.

முன்பு இந்த அறிவு ஊரெங்கும் பரவியிருந்தது. தில்லி கஷ்மீரி கேட், பெங்களூரு ஜே.சி. சாலை, கொல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை ஆகிய உதிரிபாகச் சந்தைகளைச் சுற்றி வளர்ந்த மெக்கானிக்குகள், அம்பாசடரையும் பத்மினியையும் ஒலி கேட்டே நோய் சொன்னவர்கள். அவர்களது திறமை அழிந்துவிடவில்லை. அவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. இது வெறும் புலம்பல் அன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், அசல் உதிரிபாகங்களையும் கண்டறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் சுயேச்சைப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்கள்மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவ்வாணை மேல்முறையீடுகளிலும் வழக்குகளிலும் சிக்கிக்கொண்டது. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்து, மோட்டார் வாகனத்தையும் அதன் நான்கு துறைகளுள் ஒன்றாகச் சேர்த்து, அவ்வாண்டு இறுதியில் ஒரு வலைவாயிலையும் திறந்தது. தகவல் தரும் வாயில் நல்லதே. எனினும் கருவியையும் கையேட்டையும் தரும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டத்துக்கு அது ஈடாகாது.

நீதிமன்றம் செல்லலாமே என்ற கேள்வி எழும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறையைச் சோதனையின்றி அறிய இயலாத நிலையில் ஆய்வகத்துக்கு அனுப்ப வழிசெய்கிறது. அதற்கான கட்டணத்தை முறையிடுபவரே முதலில் செலுத்த வேண்டும். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆணையங்களின் வழக்குச் சுமையை அறிந்தவர்கள் அந்த ஐந்து மாதத்தை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. மேலும், கிளட்ச் குறையுள்ள கார் தொடர்பான 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில், உத்தரவாதத்தின்படி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே நிறுவனத்தின் கடமை, முழுக் காரையும் மாற்றித் தருவது அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத் தர்க்கமாக இது புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் ஒரே பாகத்தை ஆறு முறை மாற்றிய பின்னும் 'மாற்றித் தரும் கடமை' நிறைவேறிக்கொண்டேதானே இருக்கும்? அமெரிக்காவில் 1982இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கிவைத்த 'எலுமிச்சைச் சட்டங்கள்' இக்கேள்விக்கே விடையளிக்கின்றன. ஒரே குறை குறிப்பிட்ட முறைகளுக்கு மேல் திரும்பினாலோ, வண்டி குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் பணிமனையில் கிடந்தாலோ, பணத்தையோ மாற்று வண்டியையோ கோரும் உரிமை பிறக்கிறது. அங்கே எண்ணிக்கையே சான்றாகிறது.

இந்தியச் சட்டத்துக்கும் எண்ணிக்கை அந்நியமானதன்று. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ பிரிவைச் சேர்த்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், விற்பனை எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் புகார்கள் ஓர் அளவைத் தாண்டினால் திரும்பப் பெறுதலைக் கட்டாயமாக்க இடமளிக்கின்றன. ஆனால் அப்பிரிவு சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, சாலையிலுள்ள பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் குறைகளை மட்டுமே கருதுகிறது. உயிரைப் பறிக்காமல் உழைப்பையும் சேமிப்பையும் பறிக்கும் பழுது அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

திறந்த தரவு என்ன செய்யும் என்பதற்குத் தமிழ் மண்ணோடு நேரடித் தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையில் தயாராகி அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியானது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2023 டிசம்பரில், அமெரிக்காவில் விற்கப்பட்ட 1.0 லிட்டர் எஞ்சின் கொண்ட எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் மாடல்களில் ஏறத்தாழ 1,40,000 வண்டிகளை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. எண்ணெய்ப் பம்பை இயக்கும் பட்டையின் இழுவிசைப் பாகம் கழன்றால் எண்ணெய் அழுத்தம் குறைந்து எஞ்சினே பழுதாகலாம், பிரேக்கின் துணைவிசையும் குறையலாம் என்பது காரணம்.

அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் உரிமையாளர்கள் அளிக்கும் புகார்களை எவரும் மாடல் வாரியாக, ஆண்டு வாரியாகத் தேடிப் படிக்கலாம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்திய ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்த பின், 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, உத்தரவாதக் கோரிக்கைகளையும் வாடிக்கையாளர் புகார்களையும் பற்றிய தொகுப்புத் தகவலை நிறுவனங்களே காலமுறைப்படி அரசுக்கு அளிக்க வேண்டும். மறைமலைநகரில் செய்த வண்டியின் குறைகளை மிச்சிகனிலுள்ள ஒரு மாணவி அரை மணி நேரத்தில் தொகுத்துவிட முடியும். செங்கல்பட்டிலுள்ள மாணவிக்கு, தம் ஊரில் ஓடும் அதே மாடல் வண்டிகளைப் பற்றி அத்தகைய திறந்த தரவுத்தளம் இல்லை. இங்கே மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கம் 2012 முதல் தன்னார்வ நெறிமுறையின்கீழ் வெளியிடுவது நிறுவனங்களே அறிவிக்கும் திரும்ப அழைப்புகளை. உரிமையாளர் அளிக்கும் புகார்களை அன்று.

எதிர்வாதங்களுக்கும் இடமளிக்க வேண்டும். புகார் தருபவர்கள் ஏமாற்றமடைந்தவர்கள், திருப்தியடைந்தவர் எழுதுவதில்லை, எனவே தரவு ஒருபக்கமாய்ச் சாயும் என்பர். உண்மைதான். ஆயினும் புகார்த் தரவு தீர்ப்பு அன்று, எங்கே தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. சாய்வைத் திருத்தும் முறைகளைப் புள்ளியியல் மாணவர்கள் அறிவார்கள். இல்லாத தரவைத் திருத்தும் முறையை யாரும் அறியார். நவீன வண்டிகள் பாதுகாப்பு நுட்பங்கள் நிறைந்தவை, தெருமுனை மெக்கானிக்கிடம் விடலாகாது என்பர். பயிற்சியும் சான்றிதழும் வேண்டும் என்றால் அது நியாயம். பயிற்சி பெற்றவருக்கும் கருவி கிடையாது என்றால் அது ஏகபோகம். மலிவான வண்டியில் குறையிருப்பது இயல்பு என்பாரும் உண்டு. பத்து லட்சம் ரூபாய் ஓர் ஆசிரியரின் வாழ்நாள் சேமிப்பில் எவ்வளவு பங்கு என்று எண்ணிப் பார்த்தால் 'மலிவு' என்ற சொல் நா எழாது.

எனவே கோரிக்கைகள் எளியவை. வாகனப் பதிவுத் தளத்தோடு இணைந்த, பெயர் மறைத்த, எவரும் தேடத்தக்க புகார்த் தரவுத்தளம் வேண்டும். ஒவ்வொரு பணிமனை வருகையின் பழுதுக் குறியீடும் உரிமையாளர் கையில் எழுத்தில் வர வேண்டும். உத்தரவாதக் காலத்தில் வண்டி பணிமனையில் நின்ற நாள்கள் உத்தரவாதத்தோடு கூட்டப்பட வேண்டும். ஒரு நிறுவனம் நாட்டை விட்டே போனாலும், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை உதிரிபாகமும் கண்டறியும் கருவியும் கிடைப்பதைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும்.

அரசு செய்யும்வரை பல்கலைக்கழகம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நுகர்வோர் ஆணையங்களின் ஆணைகள் பொதுவில் கிடைக்கின்றன. வண்டி, குறை, பணிமனை வருகைகள், நிபுணர் அறிக்கை, தீர்ப்பு, அதற்கு ஆன காலம் என்று அவற்றை வகைப்படுத்தித் தொகுப்பது ஒரு முதுகலை வகுப்பின் ஓராண்டுப் பணி. சட்டம், பொருளியல், இயந்திரவியல், புள்ளியியல் ஆகிய நான்கு துறைகளும் ஒரே மேசையில் அமரக்கூடிய அரிய பொருள் இது. அத்தொகுப்பு ஒன்று கையிலிருந்தால், 'உங்கள் வண்டிக்கு மட்டும்தான் இப்படி' என்று சர்வீஸ் சென்டரில் சொல்லப்படும் வாக்கியத்தை உரிமையாளர் முதன்முறையாகச் சரிபார்க்க முடியும்.