பரண்மேல் பெட்டி: சாதி மறுப்பு மண இணையரின் தாள்களும் நிழற்படங்களும்

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உள்ளது. தாத்தாவும் பாட்டியும் 1963ஆம் ஆண்டு செய்துகொண்ட சாதி மறுப்புத் திருமணத்தின் எச்சங்கள் அதனுள் இருக்கின்றன: ஓர் அழைப்பிதழ், அச்சிட்ட இரண்டு வாழ்த்து மடல்கள், மாலை மாற்றிக்கொண்டமைக்குச் சான்றாக ஐவர் கையொப்பமிட்ட ஒரு தாள், பத்தொன்பது பேர் நிற்கும் ஒரு குழு நிழற்படம். படத்தில் பாட்டியின் பிறந்த வீட்டார் ஒருவரும் இல்லை. படத்தின் பின்புறம் ஒரு பெயரும் எழுதப்படவில்லை. பாட்டி உயிரோடிருந்தபோது பதினொருவரை அடையாளம் சொன்னார். நான் குறித்துக்கொள்ளவில்லை. அக்காலத்தில் நான் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்காகச் சுவடிப் பதிப்பு நெறிகளை மனனம் செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தகைய பெட்டிகளைக் காப்பது தமிழ்த்துறைகளின் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து. வரலாற்றுத் துறையோ சமூகவியல் துறையோ பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் ஒதுங்குவதற்கு நியாயமில்லை. அகநானூற்றின் 86, 136 ஆகிய இரு பாடல்களும் காட்டும் மணச்சடங்கு குறித்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எண்ணி முடிக்க இயலாது. கற்பியலில் வரும் கரணம் பற்றிய நூற்பாவுக்கு உரையாசிரியர்கள் கூறும் விளக்கங்களை ஒப்பிட்டுப் பட்டம் பெற்றோர் பலர். அப்பாடல்களையும் அந்நூற்பாவையும் மேடையில் எடுத்துக்காட்டி, புரோகிதரும் தீவலமும் இன்றி இருபதாம் நூற்றாண்டில் மணம் செய்துகொண்டவர்களின் அழைப்பிதழோ பழைய தாள் கடையில் எடைக்குப் போகிறது. இலக்கியச் சான்றுக்கு நாம் தரும் மதிப்பில் பத்தில் ஒரு பங்கையேனும் அந்த இலக்கியத்தை வாழ்ந்து பார்த்தவர்களின் தாளுக்குத் தரவேண்டாமா?

தாள் ஏன் பேணப்பட்டது

சுயமரியாதைத் திருமணங்களின் தொடக்கமாக 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்த மணம் சுட்டப்படுகிறது. அதற்கடுத்த ஆண்டு ஈரோட்டில் குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதி கடந்து மணந்தனர். இம்மணங்கள் பற்றிய செய்திகளைக் ‘குடி அரசு’ தொடர்ந்து வெளியிட்டது. ஆயினும் இதழில் இடம்பெற்றவை, செய்தியாக்கத் தக்கவை என்று இயக்கம் கருதிய மணங்களே. ஊர் அறியாமல் ஒரு வாடகை வீட்டில் தொடங்கிய இல்வாழ்க்கைகள் இதழ்க் கோப்புகளில் கிடைப்பதில்லை.

சட்ட வரலாற்றை அறியாமல் இப்பெட்டிகளைப் படிக்க முடியாது. வெவ்வேறு சாதியினரான இந்துக்களுக்கிடையிலான திருமணம் செல்லும் என்று 1949ஆம் ஆண்டின் இந்துத் திருமணங்கள் செல்லுபடிச் சட்டம் கூறியது. எனவே சாதி கடத்தல் அன்று சட்டச் சிக்கல் ஆகவில்லை. சிக்கல் சடங்கில் இருந்தது. தெய்வானை ஆச்சி வழக்கில் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், உரிய சடங்குகள் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளையே வேண்டியது. 1967இல் அண்ணா தலைமையிலான அரசு கொண்டுவந்த திருத்தம் 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்து 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது; அதற்கு முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது.

எங்கள் பெட்டியிலுள்ள ஐவர் கையொப்பத் தாள் இந்த இடைவெளியைச் சேர்ந்தது. சட்டத்தின் கண்ணில் அதற்கு எவ்வளவு வலு இருந்தது என்பது வேறு. நான்கரை ஆண்டுக் காலம் தங்கள் மணத்துக்கு அவர்கள் கையில் வைத்திருந்த சான்று அதுதான். எனவேதான் அழைப்பிதழ் மடிப்பில் கிழிந்திருக்க, இத்தாள் மட்டும் எண்ணெய்த் தாளில் சுற்றப்பட்டிருக்கிறது. எது எவ்வாறு பேணப்பட்டது என்பதும் ஓர் ஆவணச் செய்தியே. மூலப்பொருளைப் பார்க்காமல் மின்னுருவை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு அந்த எண்ணெய்த் தாள் கிடைக்காது.

வாழ்த்து மடல்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். சொற்பொழிவாளர்களும் பள்ளித் தமிழாசிரியர்களும் உள்ளூர்ப் புலவர்களும் விருத்தமாகவும் வெண்பாவாகவும் எழுதி அச்சிட்டு மேடையில் படித்தளித்த பாக்கள் இவை. பாரதிதாசன் ‘புரட்சித் திருமணத் திட்டம்’ எழுதினார் என்று இலக்கிய வரலாறுகள் குறிக்கின்றன. அத்திட்டம் ஊர்தோறும் எவ்வகைச் செய்யுளாக, எவ்வகைச் சொல்லாட்சியாக மாறிற்று என்பதற்கு இம்மடல்களே சான்று. எங்களிடமுள்ள இரண்டில் ஒன்று மணமக்கள் இருவரின் பெயரையும் தனித்தமிழாக்கிப் பாடுகிறது. அப்பெயர்களால் அவர்களை யாரும் ஒருநாளும் அழைத்ததில்லை. சிற்றிலக்கிய ஆராய்ச்சியில் ஊறிய நம் துறைக்கு இதைவிட அணுக்கமான களம் எது? யாப்புப் பிழைகள் மலிந்திருப்பது உண்மையே. தனிப்பாடல் திரட்டிலும் அவை உண்டு.

யாருடைய தாள் எங்கே இருக்கிறது

புகழ்பெற்றவரின் தாள்களுக்கு இடம் கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெற்றோர் இருவரும் வெவ்வேறு சமூகத்தினர். அவரும் 1914இல் சுந்தர ரெட்டியை 1872ஆம் ஆண்டின் மணச் சட்டப்படி மணந்தார். சாதி கடந்து மணப்போருக்குத் தமிழக அரசு வழங்கும் உதவித் திட்டம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவருடைய தாள்கள் இருப்பதோ தில்லியில், தீன்மூர்த்தி வளாக நூலகத்தில். புதுக்கோட்டையிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு மாணவி அவற்றைக் காண வேண்டுமாயின் தில்லிக்குத் தொடர்வண்டி ஏற வேண்டும். இது குறைகூறலன்று, தில்லி காத்ததனால்தான் அவை இன்று உள்ளன. அவர் உதவியாலும் அவர் போன்றோரின் துணிவாலும் மணந்துகொண்ட எளியவர்களின் தாள்களுக்குத் தில்லியும் இல்லை, சென்னையும் இல்லை.

தமிழகத்தில் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் துண்டறிக்கைகளையும் திரட்டினார். அத்திரட்டே 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. தனிமனிதர் ஒருவர் குப்பை என்று ஒதுக்கப்பட்டதைச் சேர்த்தார் என்பதை நாம் மேடையில் பாராட்டுகிறோம், பின்பற்றுவதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன், தமிழக நிழற்பட நிலையங்களின் பழைய படங்களை மின்னுருவாக்கியது. நிலையத்துப் படங்களில் முகங்கள் தெளிவாக இருக்கும், பெயர் அரிது. வீட்டுப் படங்களில் கறை இருக்கும், கரையான் அரித்திருக்கும். பெயர் சொல்ல ஒருவரேனும் இருப்பார். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும் முயற்சியே இனித் தேவை.

சாதி மறுப்பு இணையரின் தாள்கள் பிற குடும்பத்துத் தாள்களைவிட விரைவில் அழிவதற்குக் காரணங்கள் உண்டு. இரு பக்கத்துப் பூர்வீக வீடும் அவர்களுக்கு இல்லை. வாடகை வீடு மாறும்போதெல்லாம் சுமை குறைக்கப்படுகிறது. பிள்ளைகளின் வரன் பேச்சின்போது பழைய படங்கள் மறைக்கப்படுகின்றன. சில படங்களில் ஓர் உருவம் கத்தரிக்கப்பட்டிருக்கும். வன்முறையும் ஒரு காரணம். 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நத்தம் காலனி உள்ளிட்ட குடியிருப்புகளில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து 200க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டுத் தீக்கிரையானபோது, கல்விச் சான்றுகளும் நிலப் பத்திரங்களும் படங்களும் சேர்ந்தே எரிந்தன. ஒரே ஊரில், ஒரே பீரோவில், ஒரே படியாக இருப்பது காப்பாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் அழிவு வேறு வடிவில் நிகழ்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிய பின் ஊர்களின் வடிவமே மாறிற்று. ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டுத் தொழிலாளர் தங்கும் அடுக்கு விடுதிகளாகின்றன. வீடு இடிக்கும் வாரத்தில் பரண் காலியாகிறது. அந்த வாரத்தில் யாரும் தாள் பார்ப்பதில்லை. அதே விடுதிகளிலிருந்து புதிய தலைமுறையின் மணங்களும் கிளம்புகின்றன. ஒரே ஆலையில் பணி மாற்றத்தின்போது சந்தித்துக்கொண்ட, மாவட்டமும் சில வேளைகளில் மொழியும் வேறான இணையரை இங்கே காண்கிறோம்.

இவர்களின் ஆவணம் முன்னோருடையதைப் போன்றதன்று. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிந்தால் முன்னறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டு முப்பது நாள் தடை கூறக் காலம் தரப்படுகிறது; அஞ்சுவோர் அதைத் தவிர்க்கின்றனர். 7அ பிரிவின்படி நடக்கும் திருமணத்துக்குப் பொது அறிவிப்போ கூட்டமோ கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. உயிருக்கு அஞ்சும் இணையருக்கு இது பெருங்காப்பு. ஆவணவியல் நோக்கில் பார்த்தால், அழைப்பிதழும் வாழ்த்து மடலும் குழுப் படமும் இல்லாத ஒரு மணத்தை இது இயல்பாக்குகிறது. அறிவித்து மணப்பதே 1928இன் அறைகூவல். அறிவிக்காமல் மணக்க முடிவதே இன்றைய பாதுகாப்பு. எஞ்சுவது கைபேசியில் எடுத்த ஒரு படம். கைபேசி தொலைந்தால், கணக்கின் கடவுச்சொல் மறந்தால், அதுவும் இல்லை.

பெயரிடும் சிக்கல்

சேகரிப்பதைவிடக் கடினமானது அட்டவணையிடுவது. அரசுத் திட்டம் ‘கலப்புத் திருமணம்’ என்கிறது. இயக்கத்தார் ‘சாதி மறுப்புத் திருமணம்’ என்பர். பாட்டி ‘எங்க கல்யாணம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். ‘கலப்பு’ என்னும் சொல், கலவாத தூய்மை ஒன்று முன்னர் இருந்ததாகக் கொள்கிறது. ஆதலின் பொருள் தலைப்பாக இரண்டாவதையே நான் கொள்வேன். ஆவணத்தில் உள்ள சொல்லை மேற்கோளாகக் காட்டுவேன்.

இன்னொரு வினா கடுமையானது. அழைப்பிதழில் தாமே நீக்கிய சாதிப் பெயரை அட்டவணையில் நாம் மீண்டும் எழுதலாமா? எழுதாவிட்டால் எந்தச் சமூகங்களுக்கிடையே, எந்தப் பத்தாண்டில், எப்பகுதியில் இம்மணங்கள் நிகழ்ந்தன என்று நாளைய ஆய்வாளர் கேட்கும்போது விடை இராது. பட்டியல் சமூகத்தார் ஒருவரை மணப்பதும் இரு இடைநிலைச் சாதியினர் மணப்பதும் ஒன்றல்ல என்பதும் மறைந்துபோகும். இந்த மறுப்பு வலுவானது. அதை நான் எளிதில் ஒதுக்கவில்லை. எனினும், இணையத்தில் எவரும் தேடக்கூடிய அட்டவணையில் ஊர்ப் பெயரும் சாதிப் பெயரும் முகமும் ஒருங்கே நிற்பது, உயிரோடிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஆபத்தாக முடியலாம். எனவே பொது அட்டவணையில் சாதி வேண்டாம். குடும்பம் இசைந்தால் மட்டும், காலவரையறையிட்டு மூடிய குறிப்பில் அது இருக்கலாம். மூலத் தாள் குடும்பத்திடமே இருக்கட்டும். துறைக்கு மின்படி போதும். இசைவு ஒருமுறை தந்தால் என்றும் தந்ததாகாது. திரும்பப் பெறும் உரிமையும் வேண்டும்.

செயல்முறைக்குப் பெரும்பொருள் தேவையில்லை. படத்தின் பின்புறம் மை எழுதுகோலால் எழுதாமல் மென்கரிக் கோலால் பெயர் எழுதலாம். பசை அட்டை ஆல்பங்களிலிருந்து படங்களை எடுத்து அமிலமற்ற தாளுறையில் வைக்கலாம். ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு மின்னுருவாக்கலாம். ஆய்வியல் நிறைஞர் பட்டம் நின்றுவிட்ட நிலையில், முதுகலை இறுதிப் பருவத் திட்டக் கட்டுரையாக ஒரு மாணவர் ஒரு குடும்பத்தின் பெட்டியை விளக்க அட்டவணையாக்கலாம். அந்த அட்டவணையை மதிப்பெண்ணுக்கு உரிய ஆய்வாக ஏற்கப் பாடத்திட்டக் குழுக்கள் முன்வர வேண்டும். தடை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டிலேயே இசைவு முழுமையாகக் கிடைக்கவில்லை. அத்தை, வாழ்த்து மடல்களைப் படியெடுக்க ஒப்பினார். குழுப் படத்தை வெளியிட ஒப்பவில்லை. அவர் சொன்ன காரணம் எனக்கு உடன்பாடில்லை. அவர் முடிவை ஏற்றுக்கொண்டேன். படத்தில் இரண்டாம் வரிசையில் இடக்கோடியில் நிற்கும் இளைஞர் இன்னும் சுங்குவார்சத்திரத்தில் இருப்பதாக அண்மையில் தெரியவந்தது. எண்பதைக் கடந்தவர், காது சற்று மந்தமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை படத்தின் பெரிய படியொன்றையும் ஒரு மென்கரிக் கோலையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கச் செல்கிறேன்.