காதுக்கு மட்டுமா கருவி?

கண் மங்கினால் கண்ணாடி வாங்கித் தருகிறோம். காது மங்கினாலோ, "தாத்தாவுக்குக் காது அவுட்டு" என்று சிரித்துவிட்டுத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிடுகிறோம். தோட்டப்புறக் குடும்பங்களில் பழகிப்போன இந்த அலட்சியம், நம் முதியவர்களின் மூளையோடு விளையாடுகிறது என்பதே என் வாதம்.

நான் லூபோக் சீனாக்காரன். மலாக்காவும் நெகிரி செம்பிலானும் சந்திக்கும் எல்லையோரச் சிற்றூர். எங்கள் பக்கத்து முதியவர்கள் பலர் ரப்பர் ஆலை, செம்பனை ஆலை, முதுகில் சுமக்கும் புல்வெட்டும் இயந்திரம் என்று காலமெல்லாம் இரைச்சலோடு குடித்தனம் நடத்தியவர்கள். ஆலை இரைச்சலுக்கென நம் நாட்டில் தனி விதிமுறை வந்ததே 1989இல்தான். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்றிருந்த வரம்பை, 2019ஆம் ஆண்டு விதிமுறை 85 ஆகக் குறைத்தது. ஐந்துதானே என்று எண்ண வேண்டாம். ஒலி ஆற்றலில் அது மூன்று மடங்கு வேறுபாடு!

உட்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பினுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் பழுதாவது உச்ச ஒலிகளைப் பிடிக்கும் அணுக்களே. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்தது, வலுவானது, அது கேட்டுவிடும். வல்லினத்தின் உரசலும் வெடிப்பும்தான் நழுவும். 'கடை' என்றாரா, 'கதை' என்றாரா? "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்று பெரியவர்கள் சொல்வது நடிப்பன்று.

விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்புகிறது. நாள் முழுதும் ஊகித்துக் களைத்தவர் மெல்லப் பேச்சுக் கூட்டத்திலிருந்து ஒதுங்குகிறார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிராங்க் லின் குழுவினர் 639 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், செவித்திறன் குறையக் குறைய மறதிநோய் வாய்ப்பு இரண்டு, மூன்று, ஐந்து மடங்கு என ஏறியது. அதற்காகக் கருவி மாட்டினால் மறதி வராது என்று விளம்பரம் செய்வதும் தவறு. 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் மூன்றாண்டு நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏற்கனவே ஆபத்து மிகுந்திருந்த பிரிவினரிடம் சிந்தனைத் திறனின் சரிவு 48 விழுக்காடு குறைந்திருந்தது. கவனியுங்கள், அவர்களுக்குக் கருவியோடு செவியியல் வல்லுநரின் தொடர் ஆலோசனையும் கிடைத்தது.

நம்மவருக்குக் கிடைப்பது கருவி மட்டும். என் பெரியப்பாவுக்கு ஒரு கடையில் கருவியை மாட்டி, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் காற்றாடி இரைகிறது, தட்டு மோதினால் இடி விழுகிறது. "இந்தச் சனியன் வேணாம்பா" என்று இரண்டே வாரத்தில் அலமாரியில் வைத்துவிட்டார். பல்லாண்டு கேளாத ஒலிகளுக்கு மூளை பழக வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். இடையில் கருவியைத் திருத்தி அமைக்கவும் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மின்கலத்தின் ஒட்டுத்தாளை உரித்துவிட்டால், பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே போகும் என்பதையும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்த அத்தனையையும் ஒரே நாளில் உரித்து வைத்திருந்தார் மனிதர்!

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. இரைச்சலால் வரும் செவிக்குறை, சொக்சோ சட்டத்தில் தொழில்சார் நோயாகவே இடம்பெற்றுள்ளது. சமூகநல இலாகாவிலும் துணைக்கருவி உதவித் திட்டம் உண்டு. பாரம் நிரப்பத் தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டதாரிப் பேரப்பிள்ளைகள் இருந்தும் இந்த நிலையா?

மற்றொன்று மொழி. சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்வதும் செவிச்சோதனையில் ஒரு பகுதி. மலாய்ச் சொல்லைத் தவறாகச் சொல்லும் பாட்டிக்குப் பழுது காதிலா, மொழியிலா? தமிழ்ச் சொற்பட்டியல்கள் மைசூர் செவிப்புலன் கழகத்தில் 1970களிலேயே உருவாகின. எனினும் தமிழகத்துச் சொல்லும் உச்சரிப்பும் நம் தோட்டத்துக் காதுகளுக்கு அப்படியே பொருந்துமா? வாளி, கித்தா, லயம் என்று அவர்கள் புழங்கிய சொற்களிலிருந்து பட்டியல் தொகுக்கலாம். தேசியப் பல்கலைக்கழகத்தில் செவியியல் பயிலும் நம் மாணவர்களும் தமிழியல் மாணவர்களும் ஓர் ஆண்டு சேர்ந்து உழைத்தால் முடியும். குரல் கொடுக்க லூபோக் சீனாவிலிருந்து ஆள் பிடித்துத் தருவது என் பொறுப்பு.