பரம்பரையைக் குற்றம் சொல்லாதீர்!

பெற்றோர் சந்திப்பு நாள்களில் நான் சலிக்கச் சலிக்கக் கேட்கும் பேச்சு இது: "என் பையன் ஒல்லி, டீச்சர். எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது." பருத்த பிள்ளையின் பெற்றோரோ, "எங்கள் பரம்பரை உடல்வாகு அப்படி" என்பர். இரண்டுமே பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் பேச்சுகள். கோபம் வருவோர் இறுதிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுக.

முதலில் ஒல்லிக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கும் படம் வெளிவந்தது. இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. ஆனால், உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! தராசு இருவரையும் சமம் என்றது; உள்ளே இருந்த கதை வேறு. நம்மவர் உடலில் கொழுப்பு வயிற்றினுள் ஈரலையும் குடலையும் சூழ்ந்து சேரும் இயல்பு மிகுதி. கை கால் மெலிந்திருக்கும். இடுப்பு மட்டும் பெருக்கும். அந்தக் கொழுப்பே இன்சுலினின் வேலையைக் கெடுத்து நீரிழிவுக்கு வழி திறக்கிறது.

நம் நாட்டு நிலை என்ன? 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்திய வம்சாவளிப் பெரியவர்களுள் 68.3 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன், 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இன்று நம் வகுப்பில் அமர்ந்திருப்போர் நாளை இந்தக் கணக்கில் சேரப்போகிறவர்கள்.

"பார்த்தீர்களா, பரம்பரைதானே!" என்பீர்கள். இயல்பு பரம்பரையாக இருக்கலாம்; அதற்குத் தீனி போடுவது யார்? விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, நாளெல்லாம் பால்மரக் காட்டில் நடந்த நம் பாட்டிமாரும் இதே பரம்பரைதான். அவர்கள் கஞ்சியும் மரவள்ளிக்கிழங்கும் முருங்கைக்கீரையும் உண்டார்கள். பல நாள் பட்டினியும் கிடந்தார்கள். அந்த வறுமையை நான் போற்றவில்லை. தாயின் ஊட்டக்குறைவே பிள்ளையை மெலிந்த உடலும் மிகுந்த கொழுப்புமாகப் பிறக்கச் செய்கிறது என்பதும் யாஜ்னிக் முதலியோரின் கருத்து. அப்படியானால் பட்டினியின் தழும்பை ஏந்தி வந்த உடலுக்கு நாம் கூடுதல் காவல் அல்லவா இட வேண்டும்?

நாம் இடுவது என்ன? பசியாறலுக்கு வண்ணச் சர்க்கரை நீர்; இடைவேளைக்குச் சோசேஜ்; மாலையில் உடனடி மீயை நொறுக்கி, மசாலாத் தூளைத் தூவிப் பச்சையாகத் தின்பது! இவற்றையே பிரேசில் அறிஞர் மொந்தேரோ மீப்பதன உணவு என வகைப்படுத்தினார். 2019இல் அமெரிக்காவில் 20 பேரை வைத்து நடந்த சோதனையில், இவ்வுணவை உண்ட இரு வாரங்களில் அவர்கள் தம்மையறியாமல் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மிகுதியாக உண்டனர். பெரியவர்களே ஏமாறும்போது, எட்டு வயதுப் பிள்ளையிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது நியாயமா?

இன்னொன்றும் உறுத்துகிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது நம் கோலசிலாங்கூர் தெனமாரம் தோட்டத்தில்தான். நம்மவர் வியர்வை சிந்திய செம்பனையின் எண்ணெயில் பொரித்த மீ, இன்று பொட்டலமாக நம் பிள்ளைகளின் பைக்குள் திரும்பி வருகிறது.

தொழிற்சாலைப் பேருந்துக்கு அதிகாலையில் ஓடும் தாயை நான் குறை கூறவில்லை. ஆனால், அவித்த முட்டைக்கோ, முதல்நாள் இரவே வேகவைத்த கடலைக்கோ, வள்ளிக்கிழங்குக்கோ பெருநேரம் வேண்டியதில்லை. ஆசிரியர்களும் தப்ப முடியாது. வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துப் பழக்கியவர்களுள் நானும் ஒருத்தி, அதை நிறுத்திவிட்டேன். பென்சிலும் கதைப்புத்தகமும் பரிசாகட்டும். சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கிறார்கள் என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். விருந்துபசரிப்பு பற்றி மட்டும் பேசிக் கலைய வேண்டாம்.

இன்றிரவு வீட்டில் ஒரு நூலெடுத்துப் பிள்ளையின் உயரத்தை அளந்து, அந்நூலை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். நுனிகள் எட்டவில்லையெனில் மருத்துவரைக் காணுங்கள். வகுப்பில் எல்லார் முன்னும் இதைச் செய்து பிள்ளையை நாணச் செய்யாதீர்கள். நாண வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர், நாம்தான்.