முதலில் சுத்தம், பிறகு இடிப்பு!

கட்டிடத்தை இடிப்பது என்ன பெரிய வேலை? கடப்பாரை, புல்டோசர், நாலு லாரி... முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கைவிடப்பட்ட பழைய கட்டிடம் வெறும் செங்கல்லும் சிமெண்டும் அல்ல. கூரையிலும் குழாய் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ், பழைய பெயிண்டில் ஈயம், டியூப் லைட்டில் பாதரசம் என்று விஷம் ஒளிந்திருக்கும். அதிலும் ஆஸ்பெஸ்டாஸ், உடைந்தால்தான் அதிக ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலில் தங்கி, 20, 30 வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிப்படும். அதனால்தான் முதலில் சுத்தம், பிறகு இடிப்பு.

இந்த வரிசையைக் குழப்பினால் என்ன ஆகும்? நியூயார்க்கின் டாய்ட்ச் பேங்க் கட்டிடத்தைப் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் சரிந்ததில், பக்கத்தில் இருந்த இந்தக் கட்டிடத்தின் முகப்பு கிழிந்தது. உள்ளே முழுக்க ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், டையாக்சின் கலந்த தூசி. 2007ல் ஒரு பக்கம் மேல்மாடிகளை இடித்துக்கொண்டே, மறுபக்கம் கீழ்மாடிகளில் நச்சு நீக்கினார்கள்.

அந்த வருடம் ஆகஸ்ட் 18 அன்று 17வது மாடியில் தீப்பிடித்தது. தூசி வெளியேறாதபடி மாடிப்படிகளைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். எங்கும் பிளாஸ்டிக் விரிப்பு. தீயணைப்புக் குழாயின் ஒரு பகுதி அடித்தளத்தில் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்ததால் மேலே தண்ணீர் ஏறவில்லை. புகையில் சிக்கி இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான், நச்சை முழுக்க அகற்றிவிட்டு இடிப்பது என்று முடிவானது. கடைசியில் வேலை முடிந்தது 2011ல். இரண்டையும் சேர்த்துச் செய்ததில் மிச்சமானது என்ன?

'யாருமே இல்லாத கட்டிடத்துக்கு இவ்வளவு செலவா?' என்று கேட்பவர்கள் உண்டு. கட்டிடம்தான் காலி, அக்கம்பக்கத்து வீடுகள் காலி இல்லை. இடிக்க வரும் கூலித்தொழிலாளியின் நுரையீரலும் காலி இல்லை. இன்றைக்குச் செலவு என்று தள்ளிவிடுவது, பின்னாளில் அவர் வீட்டு மருத்துவச் செலவாக வரும். அதைக் காண்ட்ராக்டர் கட்டப்போவதில்லை.

இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இன்றும் தாராளமாக விற்பனையாகிறது. இன்று போடும் கூரை ஒருநாள் இறங்கித்தானே ஆகவேண்டும்? தகட்டை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கி, உறையில் கட்டி அனுப்புவது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. தொழிலாளிக்குச் சரியான முகக்கவசமும், ஆபத்து என்றால் ஓடிவர ஒரு வழியும் வேண்டும். இத்தனையும் தயாரா என்று பார்த்த பிறகே இடிக்க அனுமதி கொடுக்க வேண்டும். விஷத்தை அடைத்து வைப்பதாக நினைத்து மனிதர்களை அடைத்துவிடக்கூடாது என்பதுதான் நியூயார்க் சொல்லும் பாடம்.