முன்பணம் கட்டுமுன்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தொழிலாளி வீட்டு விளக்கு நெடுநேரம் எரிகிறது. பிள்ளை தேறிவிட்டது என்ற பூரிப்பு ஒருபுறம். எங்கே சேர்ப்பது, எதைக் கொண்டு சேர்ப்பது என்ற ஏக்கம் மறுபுறம். பொழுது விடிந்ததும் வாயிற்படியில் ஒருவர் வந்து நிற்கிறார். வெள்ளைச் சட்டை, கையிலே வண்ணப் புத்தகம், நாவிலே தேன்! "நான்கே இடங்கள்தான் மிச்சம். இன்றைக்குக் கொஞ்சம் முன்பணம் கட்டுங்கள், சான்றிதழைக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். தாயின் கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போகிறது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் இந்த நாடகத்தைக் கண்டு சலித்துவிட்டோம். ஆகவே இன்று அரசியலைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு இதைப்பற்றி எழுதுகிறோம். ஒதுக்கிவைத்து என்றா சொன்னோம்? தவறு. இதுவும் அரசியல்தான்.

சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியது 1857இல். அதன் படிக்கட்டில் பாட்டாளியின் பிள்ளை கால் வைக்க எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது! நுழைவுத் தேர்வு என்ற தடைச்சுவர் பொறியியல் கல்லூரி வாயிலில் நின்றது. 2006இல் இயற்றப்பட்ட சட்டம் அதை இடித்துத் தள்ளியது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே பயின்ற பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு, பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இல் சட்டமாயிற்று. அவ்விடங்களில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அவ்வாண்டு அறிவிக்கப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. இவ்வளவும் முன்வாசல் வழியே வருவோர்க்கு. முன்வாசலின் பெயர் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு.

தரகர் அழைத்துப் போவது பின்வாசலுக்கு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகை இல்லை. 7.5 விழுக்காட்டின் பயன் இல்லை. கலந்தாய்வுக்கு வெளியே நிற்கும் நிகர்நிலைப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தாலும் அவ்வாறே. ஐயாயிரமோ பத்தாயிரமோ முன்பணம் கட்டி, நான்காண்டுச் சலுகையைக் கைகழுவி விடுகிறோமே, இதைவிட நட்டக் கணக்கு வேறு உண்டா?

கணக்கையே பார்ப்போம். கட்டண நிர்ணயக் குழு 2017இல் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு விதித்த உச்சவரம்பு, கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50 ஆயிரம் ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55 ஆயிரம். நிர்வாக இடத்துக்கோ 85 ஆயிரமும் 87 ஆயிரமும். அதே வகுப்பு, அதே ஆசிரியர், அதே பெஞ்சு! நான்காண்டில் வேறுபாடு 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். இது காகிதத்தில் உள்ள கணக்கு. காகிதத்தில் ஏறாத "நன்கொடை"யை வாங்குவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குற்றம் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். அதனால்தான் ரசீது தருவதில்லை.

முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தலையசைக்கும் பழக்கத்தைத் தோழர்கள் விட்டொழிக்க வேண்டும். விடுதி எவ்வளவு, பேருந்து எவ்வளவு, தேர்வுக்கு எவ்வளவு, நான்காம் ஆண்டு வரை மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வங்கிக் கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 4 இலட்சம் வரை ஈடின்றிக் கிடைக்கும். ஆனால் கையெழுத்திடுவது பிள்ளை மட்டுமல்ல, தந்தையும் கூட்டுக் கடனாளி. தவணை படிப்பு முடிந்த பின்தான் தொடங்கும்; வட்டியோ பிள்ளை வகுப்பில் உட்கார்ந்த நாள்முதலே ஓடும். கடன் வாங்காதீர் என்று கூறவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்பதை அறிந்து வாங்குங்கள் என்கிறோம்.

சரி, புகழ்? "பெயர் பெற்ற கல்லூரி" என்கிறார்களே, அந்தப் பெயரை யார் தந்தது? நெடுஞ்சாலை விளம்பரப் பலகையா? நாளேட்டின் முழுப்பக்க விளம்பரமா? (நம் ஏடும் விளம்பரம் வாங்கும் ஏடுதான், மறைப்பானேன்?) நாக் தருகிற மதிப்பெண் கல்லூரி முழுமைக்கும் உரியது. தேசிய அங்கீகார வாரியம் தருவதோ பாடப் பிரிவுக்கு. கல்லூரியின் ஒரு பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கும், பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு இராது. தேசியத் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதற்கான புள்ளிவிவரங்களில் பெரும்பகுதியைக் கல்லூரிகளே எழுதித் தருகின்றன. அண்ணா பல்கலைக் கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிட்டு வந்திருக்கிறது. அது நல்ல அளவுகோல். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளையும் தாமே குறித்து, விடைத்தாளையும் தாமே திருத்துகின்றன. இரண்டின் விழுக்காட்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கலாகாது.

2024ஆம் ஆண்டு சூலையில் நாடறிந்த செய்தி ஒன்றை நினைவூட்டுகிறோம். ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே காலத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அண்ணா பல்கலைக் கழகமே ஒப்புக்கொண்டு விசாரணைக் குழு அமைத்தது. ஆலையிலே ஒரு தொழிலாளி இரண்டு ஷிப்டுக்குப் பெயர் கொடுத்தால் வேலை போகும். இங்கே பட்டியலில் ஆசிரியர் இருக்கிறார், வகுப்பில் இல்லை!

ஆகவே கட்டடத்தைப் பார்க்காதீர். அந்தக் கல்லூரியில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளையைக் கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் யார் பாடம் நடத்தினார்? ஆய்வுக்கூடத்துப் பொறி ஓடுகிறதா, உறைபோட்டு நிற்கிறதா? சென்ற ஆண்டு வேலைக்குப் போனவர் என்ன ஊதியத்துக்குப் போனார்? ஒரு தேநீர் செலவில் கிடைக்கும் விவரம் இது.

இனி, பிள்ளைக்குப் பொருந்துமா என்பது. நம் தோழர்கள் பலர் கேட்க மறக்கிற கேள்வி. பக்கத்து வீட்டுப் பையன் கணினி படித்தான், ஆகவே என் பையனும் கணினி! கணக்கில் மனம் ஒட்டாத பிள்ளையை நான்காண்டு வதைத்து, அரியர் மேல் அரியராகச் சேர்த்து என்ன கண்டோம்? அரசு கலைக் கல்லூரியில் சில ஆயிரத்தில் பட்டம் பெறலாம். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றவர் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். தமிழ் வழியில் கட்டடவியலும் இயந்திரவியலும் 2010 முதல் பொறியியலில் வந்தன. இவற்றைக் குறைவாகப் பேசும் வாய் எது? வண்ணப் புத்தகத்தின் வாய்!

ஒன்று கூறுவோம், கசந்தாலும் கூறுவோம். மகனுக்கென்றால் தொலைதூரக் கல்லூரிக்கும் கடன் வாங்கும் தோழர், மகளுக்கென்றால் "பக்கத்தில் எது இருக்கிறதோ அது போதும்" என்கிறார். மேடையிலே பெண்ணுரிமை பேசிவிட்டு வீட்டிலே இப்படிக் கணக்குப் போடலாமா? மதிப்பெண் அவளுடையது. விருப்பமும் அவளே சொல்லட்டும்.

கலந்தாய்வு 2018 முதல் இணையவழி நடக்கிறது. அதற்குமுன் குடும்பத்தோடு பேருந்தேறிக் கிண்டிக்கு வந்து நின்றோம். அந்த அலைச்சல் தீர்ந்தது. ஆனால் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தும் பொறுப்பு நம் கைக்கு வந்திருக்கிறது. எத்தனை கல்லூரியும் எழுதலாம். கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சி, பிடித்ததைக் கீழே தள்ளிவிடாதீர். மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைக்கு எட்டுகிற முதல் இடத்தையே தருகிறார்கள். மேலே எழுதியது கிடைக்காததால் கீழே எழுதியது கெட்டுப்போவதில்லை.

அவசரப்பட்டுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டவர்களும் கலங்க வேண்டா. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, விலகுவோர்க்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2018இல் ஆணையிட்டிருக்கிறது. நாள் கடக்கக் கடக்கத் திரும்பும் தொகை குறையும். எழுத்துமூலம் கேளுங்கள், தனியே போகாமல் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள், வேண்டுகோள் என்ன, கோரிக்கை: ஒவ்வொரு கல்லூரியும் பிரிவு வாரியாக ஆசிரியர் பெயரையும் நான்காண்டு மொத்தக் கட்டணத்தையும் கலந்தாய்வு தொடங்குமுன் தமிழில் வெளியிட வேண்டும். பொய்ப் பெயர் எழுதிய கல்லூரிக்கு அவ்வாண்டு இடம் குறைக்கப்பட வேண்டும்.

அதுவரை நம் படிப்பகங்கள் சும்மா இருப்பானேன்? கலந்தாய்வு நாட்களில் மாலை ஆறு மணிக்குமேல் கணினி தெரிந்த தோழர் ஒருவர், சென்ற ஆண்டு கலந்தாய்வில் சேர்ந்த மாணவர் ஒருவர், இருவரும் அங்கே இருக்கட்டும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வருவாய்த் துறையிடம் இப்போதே எழுதிப் போடச் சொல்லட்டும். பட்டியல் எழுதுகையில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் எண்ணும் அந்தப் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். படிப்பகத் தோழரிடம்கூடக் கொடுக்க வேண்டா.